வேனில் இரண்டாவது பேட்டரி: ரிலேயா, டிசி–டிசி பெட்டியா, வெயிலே போதுமா?

குடியாத்தத்தில் இருக்கும் என் மச்சான் ஒரு பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வேன் வாங்கினான். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு படுக்கை, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு ஃபேன், இவற்றுக்கெல்லாம் இரண்டாவது பேட்டரி ஒன்று என்று திட்டம். "உங்க வண்டியில போட்ட மாதிரியே எனக்கும் போட்டுக் குடுங்க மாமா" என்றான். அங்கேதான் சிக்கல். என்னுடையது பழைய டீசல் டெம்போ டிராவலர். அதில் ஒழுங்காக வேலை செய்கிற ஏற்பாடு அவன் வண்டியில் பாதி நேரம் சார்ஜே ஏற்றாது. இரண்டு வண்டிக்குமாக உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

எங்கள் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் கணக்கெல்லாம் போட மாட்டார். "இன்னா சார், ஒரு ரிலே போட்டு ஒயரை இஸ்த்துட்டா முடிஞ்சிது" என்பார். முக்கால்வாசி சரிதான். மீதிக் கால்வாசியால்தான் என் வண்டி ஒருநாள் புகைந்தது. அது பின்னால் வரும்.

முதலில் ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜ் 40 லிட்டர் கம்ப்ரஸர் வகை. ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும். அம்மாவின் இன்சுலினுக்காக வாங்கியது. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஆகவே 'இன்னிக்கு ஒருநாள் ஆஃப் பண்ணிடலாம்' என்ற பேச்சுக்கு இடமில்லை. மார்கழியில் ஜவ்வாது மலையில் நின்றால் மணிக்கு இருபது நிமிடம் ஓடும். மே மாதம் வேலூரில் பாதி நேரத்துக்கு மேல் ஓடும். அப்படிப் பார்த்தால் நாளுக்கு 30 முதல் 50 ஏஎச் (ஆம்பியர்-மணி) வரை இதற்கே போகிறது. ஃபேன் 2 ஆம்பியர், இரவு எட்டு மணி நேரத்துக்கு 16. விளக்கு, போன், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்து ஒரு பத்து. கோடையில் 75, ஃபேன் வேண்டாத குளிரில் 40 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வித்தியாசத்தை வேறு ஊர்க்காரர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடும். எங்களுக்கு அப்படி முடியாது. சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981-ல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மலைக்கு மரம் இன்னும் திரும்பவில்லை; பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் நம் மேல் இறக்கும். பேட்டரியைப் பற்றி எதை முடிவு செய்தாலும் இந்தச் சூட்டை நினைவில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

சரி, முன்பக்கத்து மின்சாரத்தைப் பின்பக்கம் கொண்டுவரும் வழிகள்.

லாரிகளில் இருக்கும் கட்ஆஃப் சுவிட்ச்தான் ஆக எளிது. இஞ்சின் ஓடும்போது அதைத் திருப்பி இரண்டு பேட்டரியையும் சேர்க்க வேண்டும், வண்டியை நிறுத்தியதும் பிரிக்க வேண்டும். மலிவு, உள்ளே கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஒருநாள் பிரிக்க மறந்து படுத்தால் ஃப்ரிட்ஜ் இரண்டு பேட்டரியையும் குடித்துவிடும், காலையில் செல்ஃப் எடுக்காது. நான் இரண்டு மாதம் இதை வைத்திருந்தேன். மூன்று முறை மறந்தேன். டையோடு ஐசொலேட்டர் என்று இன்னொன்று உண்டு; மறதிக்கு அதில் வேலையில்லை, மின்சாரம் ஒரு பக்கமாகத்தான் போகும். ஆனால் சாதாரண டையோடு 0.6, 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். 14.2 வோல்ட்டில் நிரம்ப வேண்டிய பேட்டரிக்கு 13.5 கொடுத்தால் அது எந்நாளும் அரைவயிறுதான். அதை விட்டுவிடலாம்.

அடுத்தது எலக்ட்ரீஷியன் சொன்ன ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். இதிலேயே இரண்டு வகை. ஒன்று, சாவியோடு சேர்ந்து வேலை செய்யும் சாதாரண ரிலே. ஹெட்லைட்டுக்குப் போடும் 30 ஆம்பியர் ரிலேயை இதற்குப் போடாதீர்கள். பாதி காலியான பேட்டரி முதல் பத்து நிமிடத்தில் அதற்கு மேல் இழுக்கும், முனைகள் ஒட்டிக்கொண்டு பிறகு பிரியவே பிரியாது. இன்னொன்று, வோல்டேஜைப் பார்த்துத் தானாகச் சேரும் ரிலே. விஎஸ்ஆர் என்று கேட்டால் கொடுப்பார்கள். முன் பேட்டரி 13.3 வோல்ட் அளவுக்கு ஏறினால் ஆல்டர்னேட்டர் (டிரைவர்களுக்கு அது இன்றைக்கும் டைனமோதான்) ஓடுகிறது என்று புரிந்துகொண்டு சேரும். 12.8-க்கு இறங்கினால் பிரியும். நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை. என் டிராவலரில் ஆறு வருடமாக இருப்பது இதுதான், நான் அதைக் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. டீ குடிக்க ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் இன்னும் இறங்கியிருக்காது, ரிலே சேர்ந்தே இருக்கும். டீசல் இஞ்சினின் செல்ஃப் மோட்டார் இருநூறு, முன்னூறு ஆம்பியர் கேட்கும். அதில் ஒரு பங்கைப் பின்பக்கத்திலிருந்தும் இழுக்கும். மெல்லிய கேபிளும் சின்ன ஃப்யூஸும் போட்டவர்களுக்கு 'காரணமே இல்லாமல்' ஃப்யூஸ் போவது இதனால்தான். கூரையில் சோலார் இருந்து, ரிலே இரு பக்கமும் பார்க்கும் வகையாகவும் இருந்தால், பகல் முழுக்க அது சேர்ந்தே கிடக்கும்.

மச்சான் வண்டிக்கு வருவோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க, சமவெளியில் ஒரே வேகத்தில் போகும்போது வோல்டேஜைக் குறைத்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஏற்றும். எல்லா பிஎஸ்6 வண்டியிலும் இப்படி இல்லை. அதனால் வாங்கும் முன் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஒரு சின்ன வோல்ட்மீட்டரைச் செருகிக்கொண்டு ஒரு ஓட்டம் போய்ப் பாருங்கள். நாங்கள் காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை போனோம். என் வண்டியில் 14.1, 14.2 என்று ஆணி அடித்தது போல நின்ற முள், அவன் வண்டியில் இறக்கத்தில் 14.8, சமதளத்தில் 12.6. இதில் விஎஸ்ஆரைப் போட்டால் சேருவதும் பிரிவதுமாக நாள் முழுக்க டக் டக் என்று சத்தம்தான் மிச்சம்.

அந்த வண்டிக்கு டிசி–டிசி சார்ஜர் வேண்டும். முன்னால் 12.5 வந்தாலும் 15 வந்தாலும் அதை வாங்கி, பின் பேட்டரிக்குத் தேவையான 14.4-ஐ அளவாகக் கொடுக்கும் பெட்டி. நடுவில் கேபிளில் இழக்கும் வோல்டேஜையும் அது சரிக்கட்டிவிடும். 30 ஆம்பியர் பெட்டி என்றால் 30-க்கு மேல் தராது, ஆல்டர்னேட்டர் மூச்சு வாங்காது. விலைதான் விஎஸ்ஆரைப் போலப் பல மடங்கு. சூடும் ஆகும், சீட்டுக்கு அடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே திணித்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சோலார் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. முன் பேட்டரியைத் தொடவே வேண்டாம், வண்டியின் வாரண்டிக்கும் பாதகமில்லை, அது பெரிய நிம்மதி. எங்கள் வெயிலுக்குக் கூரையில் படுக்கவைத்த 200 வாட் பேனல் நல்ல நாளில் 50, 55 ஏஎச் தரும். குளிர்காலச் செலவுக்குத் தாராளம், கோடைக்குப் பற்றாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு நாள் மூடிக்கொண்டால் ஒன்றுமே வராது. அது போக, வண்டியை வெயிலில் நிறுத்தினால் பேனல் வேலை செய்யும், உள்ளே நாம் வேகுவோம். புளியமரத்தடியில் நிறுத்தினால் நாம் பிழைப்போம், பேனல் தூங்கும். ஏலகிரிக்கோ காவலூர் வானாய்வகப் பக்கமோ போய் இரண்டு நாள் அசையாமல் நிற்கிறவர்களுக்கு சோலார் அவசியம். அதுவும் ரிலேயோடு சேர்ந்த துணையாக. ஈய–அமில பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை மெதுவாக, மணிக்கணக்கில்தான் வாங்கிக்கொள்ளும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் அது நிரம்பவே நிரம்பாது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு நேரம் பேசியது பெட்டிகளைப் பற்றி. எல்லோரும் விசாரிப்பதும் அதைத்தான். என்னைக் கேட்டால் காசை முதலில் கேபிளுக்கும் ஃப்யூஸுக்கும் ஒதுக்கிவிட்டு, மீந்ததில் பெட்டி வாங்குங்கள் என்பேன். ஏன் என்றால், அந்தப் புகை.

முதல் தடவை எனக்கு வயரிங் செய்தவர் 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் ஒன்றை முன்னிருந்து பின்னுக்கு இழுத்து, முன் பேட்டரி பக்கம் மட்டும் ஒரு ஃப்யூஸ் வைத்தார். ஃப்யூஸ் இருக்கிறதே என்று நானும் திருப்தியாக இருந்தேன். தரைத்தகட்டில் துளை போட்ட இடத்தில் ஒயரைக் காக்கும் ரப்பர் வளையம், குரோமெட், போடவில்லை. ஆலங்காயம் தாண்டி மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போகையில் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. ரப்பர் கருகும் வாடை. முன் ஃப்யூஸ் தன் வேலையைச் செய்து உடனே போய்விட்டது; நான் பானெட்டைத் திறந்து பார்த்து, 'ஃப்யூஸ் போயிடுச்சு, இனி பயமில்லை' என்று நினைத்தேன். பின்னால் புகை நிற்கவில்லை. அந்த ஒயருக்கு இரண்டு தலை. இரண்டு தலையிலும் ஒரு பேட்டரி. முன்பக்கம் அடைபட்டதும் பின் பேட்டரி தனியாக நின்று ஒயரைப் பழுக்கவைத்துக்கொண்டிருந்தது. ஸ்பேனரால் டெர்மினலைக் கழற்றுவதற்குள் இரண்டு விரல் வெந்தது. பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

அதனால், இரண்டு பேட்டரிக்கு நடுவே போகும் கேபிளுக்கு இரண்டு ஃப்யூஸ். ஒவ்வொன்றும் அந்தந்த பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். அமெரிக்கப் படகுத் தர விதி 7 அங்குலம் என்கிறது. அது நம் சாணை விடவும் குறைவு. முனைக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் இருக்கும் துண்டைக் காக்க யாருமில்லை என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஃப்ரிட்ஜையோ பெட்டியையோ காப்பாற்றுவது அதன் வேலை என்று நினைத்து அளவைத் தேர்ந்தெடுத்தால் கணக்குத் தப்பும்.

அளவுக்கு வருவோம். என் வண்டியில் கேபிள் நாலரை மீட்டர் ஓடுகிறது. நெகட்டிவையும் தனியாக இழுத்ததால் போக வர 9 மீட்டர். 30 ஆம்பியர் போகும்போது 6 ஸ்கொயர் செம்பில் கிட்டத்தட்ட 0.85 வோல்ட் கேபிளிலேயே தொலைகிறது. டையோடைக் குறை சொன்ன வாய்க்கு இது இன்னும் மோசம். 16 ஸ்கொயரில் 0.3, 25 ஸ்கொயரில் 0.2. விஎஸ்ஆர் போடுகிறவர்கள் 25 ஸ்கொயரும் இரு தலையிலும் 100 ஆம்பியர் ஃப்யூஸும் போடலாம், டீக்கடை ஸ்டார்ட்டையும் அது பெரும்பாலும் தாங்கும். 30 ஆம்பியர் டிசி–டிசிக்கு 16 ஸ்கொயர் போதும். ஆனால் 30 வெளியே வர வேண்டுமானால் உள்ளே 40 வரை இழுக்கும், ஆகவே 60 ஆம்பியர் ஃப்யூஸ். கூடவே பெட்டியோடு வந்த காகிதத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேபிள் வாங்க நான் ராணிப்பேட்டைக்குப் போனேன். பெல் ஆலையும் அதை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் இருக்கும் ஊர். வெல்டிங் கேபிளுக்குப் பஞ்சமில்லை. மெல்லிய இழைகள், ரப்பர் தோல், எப்படி வளைத்தாலும் வளையும். செம்பு என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்திலும் உண்டு. கார் ஆடியோ கடைகளில் ஆம்ப்ளிஃபையர் செட்டோடு வரும் தடித்த சிவப்பு ஒயர் பார்க்க லட்சணமாக இருக்கும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. செம்பை விட ஒன்றரை மடங்கு தடை. கேபிள் நுனியில் மாட்டும் லக்கை சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வைத்திருக்கும் கடையில் அழுத்தி வாங்குவது நல்லது. எனக்குக் கேபிள் கொடுத்த கடைக்காரரே அழுத்திக் கொடுத்தார்.

ஃப்யூஸ் வகையில் கண்ணாடி ஃப்யூஸ் வேண்டவே வேண்டாம். பிளேடு ஃப்யூஸ் கிளை ஒயர்களுக்கு நல்லது: விளக்குக்கு 5, பம்புக்கு 10, ஃப்ரிட்ஜுக்கு 15. பிரதான கேபிளுக்கு போல்ட் போட்டு முறுக்கும் மிடி அல்லது ஏஎன்எல். வீட்டில் மிச்சமிருக்கும் எம்சிபியை (டிரிப் சுவிட்ச்) போடலாமா என்று மச்சான் கேட்டான். வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும், அந்த இடைவெளியில் பொறி அணைந்துவிடும். பேட்டரி மின்சாரம் பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. எம்சிபி திறந்த பிறகும் உள்ளே பொறி எரிந்துகொண்டிருக்கலாம். டிசிக்கு என்று அச்சிட்ட பிரேக்கர் என்றால் சரி. போன ஃப்யூஸில் செம்பு இழையைச் சுற்றி 'ரெடி' பண்ணும் நம் பரம்பரைப் பழக்கத்தை வீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டிலும் செய்யக் கூடாது என்பது வேறு விஷயம்.

பேட்டரி எது என்பதும் இந்த முடிவுகளோடு பின்னிக் கிடக்கிறது. கரண்ட் கட் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி பல வீடுகளில் சும்மா இருக்கிறது. அதையே வண்டியில் ஏற்றிவிடத் தோன்றும். ஐம்பது, அறுபது கிலோ கனம், குலுங்கினால் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது. நாம் படுக்கும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாத ஏஜிஎம் வகை ஈய பேட்டரி, 100 ஏஎச், போட்டேன். அதில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம், ஐம்பது. குளிர்காலத்துக்குச் சரி, மே மாதத்தில் நான் இரண்டு இரவுக்கு மேல் எங்கும் தங்குவதில்லை, பகலில் எப்படியும் வண்டியை ஓட்டுவேன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு எட்டுப் பத்து டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. இங்கே அது மூன்றாம் வருடமே தெரிந்துவிட்டது. இப்போது ஓடுவது இரண்டாவது ஏஜிஎம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் அதே 100 ஏஎச்சில் எண்பது, தொண்ணூறு தரும், கனம் பன்னிரண்டு கிலோ அளவுதான். ஆனால் அதை வெறும் விஎஸ்ஆரோடு கோக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுத்தாலும் தயங்காமல் வாங்கும். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், கம்பிச்சுருள் வெந்துவிடும். நடுவில் பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரியின் காவல் சர்க்யூட்) திடீரென்று துண்டித்தால் எழும் வோல்டேஜ் ஆல்டர்னேட்டரின் டையோடுகளைக் கொல்லக்கூடும். ஆகவே லித்தியம் என்றால் பழைய வண்டியாக இருந்தாலும் டிசி–டிசிதான். ஷார்ட் ஆனால் அது பாய்ச்சும் மின்னோட்டமும் ஆயிரக்கணக்கில். சாதாரண பிளேடு ஃப்யூஸ் துண்டித்து நிறுத்தக்கூடியது 1000 ஆம்பியர் அளவு, நல்ல ஏஎன்எல் 6000. லித்தியத்தின் முனையில் என்ன ஃப்யூஸ் என்பதை விலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூடிய வண்டி வெயிலில் நின்றால் உள்ளே 60 டிகிரியைத் தொடும். பல பிஎம்எஸ் அந்தச் சூட்டில் சார்ஜை நிறுத்திவிடும். பேட்டரியைத் தரையோடு, ஜன்னல் வெயில் படாத பக்கம் வையுங்கள்.

மச்சான் வண்டிக்கு லித்தியம் 100, டிசி–டிசி 30, 16 ஸ்கொயர் கேபிள், இரு தலையிலும் 60. கூரையில் 200 வாட். அவன் வண்டியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருந்தது, அதனால் நெகட்டிவை பேட்டரி முனையில் கட்டாமல் சேசிஸ் எர்த்தில் கட்டினோம். இல்லையென்றால் போகிற வருகிற மின்சாரத்தின் கணக்கு வண்டி கம்ப்யூட்டருக்குத் தப்பிவிடும். சீட்டைக் கழற்றியதற்கும் கூரையில் மாட்டியதற்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், இன்சூரன்ஸ்காரர்களிடமும். என் டிராவலரில் எதையும் மாற்றவில்லை. விஎஸ்ஆரும் ஏஜிஎம்மும் அப்படியே இருக்கின்றன, கேபிள் மட்டும் அந்தப் புகைக்குப் பிறகு 25 ஸ்கொயர்.

முதல் ஓட்டம் முடிந்ததும் அவன் அடுத்த கேள்வியோடு வந்தான்: இன்வெர்ட்டர் வைத்து மிக்ஸி ஓட்டலாமா? 750 வாட் மிக்ஸிக்கு 12 வோல்ட்டில் 70 ஆம்பியர் வேண்டும்; அதற்குத் தனி கேபிள், தனி ஃப்யூஸ், தனிச் செலவு. சட்னிதானே வேண்டும், அம்மி ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்.